கொடியில் கிடந்த துணிகள்

துப்பறிவாளர் வீட்டு மின்விசிறி எப்போதும் அரைத் தூக்கத்தில்தான் சுற்றும். அதன் கீழே உட்கார்ந்து ஒரு நர்ஸ் பேசியபோது, அவள் குரலும் தூக்கத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"எனக்கு நாலு வயசுல அம்மா மாடிப்படியில வழுக்கி விழுந்து செத்தாங்க சார். மழையில படி ஈரமா இருந்துச்சாம். இப்பவும் மழை பெஞ்சா கனவுல அந்தப் படி வரும். நாளைக்கு அப்பா எங்களோடவே இருக்க வர்றார். போன்ல என் பொண்ணுகிட்ட, 'வாயாடினா உங்க பாட்டி மாதிரி நீயும் விழுவே'ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கார். அவரை வீட்டுக்குள்ள விடலாமா? எனக்கு அது தெரியணும்."

துப்பறிவாளர் எதற்கும் சட்டென்று பதில் சொல்லமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவன் அவர் மைத்துனன். "கேஸை எடுத்துட்டோம்!" என்றான்.

அன்று மதியமே மூவரும் அந்தப் பழைய தெருவுக்குப் போனார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு எதிரே தையல் கடை. வாசலில் தொங்கிய துணிகள் வழியே வந்த வெளிச்சம் உள்ளே நீலமும் மஞ்சளுமாகக் கரைந்து கிடந்தது. கடைக்காரரோடு, கடைக்கு மேலே மாடி வீட்டில் குடியிருக்கும் டீச்சரம்மாவும் இருந்தார்.

"மழைன்னா அப்படியொரு மழை," என்றார் தையற்காரர். "தெருவே ஜன்னலைச் சாத்திடுச்சு. யாருக்கும் ஒண்ணும் கேக்கல. நான் கடைக்குப் பேர்ப்பலகை மாட்டின அன்னிக்குத்தான் அப்படி ஆச்சு, பாவம்."

டீச்சரம்மா எழுந்து துணிகளை மடிக்கத் தொடங்கினார். சுவரில் பலகை மாட்டிய அன்றைய புகைப்படம் இருந்தது. ஏணியில் இளம் தையற்காரர் இளித்துக்கொண்டு நின்றார். பின்னால் தெருவின் இரண்டு பக்கமும் தெரிந்தது: ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். மாடிகளில் துணி காய்ந்தது. துப்பறிவாளர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். மைத்துனன் படத்திலிருந்த தையற்காரரின் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

மறுநாள் எல்லோரும் அதே கடையில் கூடினார்கள். மகள் வரச் சொன்னபடி நர்ஸின் அப்பாவும் பெட்டியோடு நேரே அங்கே வந்தார். படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை, பார்த்தால் கும்பிடத் தோன்றும் ஆள்.

துப்பறிவாளர் படத்தைக் காட்டினார். "இதுல எல்லா ஜன்னலும் மூடியிருக்கு. திறந்திருக்கிறது இவங்க வீட்டு ஜன்னல் மட்டும்தான்."

"மழைக்குத்தான் அத்தான்!" என்றான் மைத்துனன்.

"வெயில் அடிக்குது, மாப்ளே. தரை காய்ஞ்சு கிடக்கு. மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துறவங்க கொடியில துணியை விட்டுட்டா சாத்துவாங்க?"

"அப்ப வெயிலுக்கு..."

"நிழல் பக்கமும்தான் சாத்தியிருக்கே. புதுக் கடைக்குப் பலகை ஏத்துறாங்க, எட்டிப் பார்க்க ஒரு தலை இல்லை. அந்த நேரத்துல எதிர் வீட்டுல ஏதோ சத்தம். காதுல விழக்கூடாதுன்னு தெருவே சேர்ந்து சாத்தியிருக்கு. சரிதானே டீச்சர்?"

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அடி விழுந்தா ஜன்னலைச் சாத்துறதுதான் அப்ப மரியாதை. அடுத்த வீட்டுக் குடும்ப விஷயம் இல்லையா? 'தள்ளாதீங்க'ன்னு அவ கத்தினது சாத்தின ஜன்னல் வழியாவும் கேட்டுச்சு. அப்புறம் விழுந்த சத்தம். அப்ப நல்ல வெயில். மழை சாயங்காலம்தான் வந்துச்சு. போலீஸ்காரரே 'மழையில வழுக்கிட்டாங்க, அப்படித்தானே?'ன்னு கேட்டார். நான் தலையாட்டினேன்."

தையற்காரர் குனிந்துகொண்டார். இதை எழுதும் எனக்கு அவர்மீது கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த நாளில் அந்தத் தெருவில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

நர்ஸ் அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவள் முகம் கெஞ்சியது.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அந்தக் காலத்துல எந்த வீட்டுலம்மா அடிதடி இல்லை? ஏதோ கோபம். இப்ப போய் அதைப் பெருசா பேசிக்கிட்டு... வா, வீட்டுக்குப் போலாம்."

"சார், இத்தனை வருஷம் கழிச்சுப் புகார் எடுப்பாங்களா?" அவள் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எடுப்பாங்கம்மா. இப்ப இதுக்குக் கொலைன்னுதான் பேரு."

அவள் போலீஸுக்குப் போன் செய்தாள். யார் பேசுவது என்று எதிர்முனையில் கேட்டார்கள். அவள் அம்மாவின் பெயரைச் சொல்லி, "அவங்க பொண்ணு," என்றாள்.