நாணலுக்குள் ஒரு குஞ்சு

கொக்குகள் எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையைப் பார்த்து நின்றன.

பஸ் டிரைவருக்கு அது சரியாகப் படவில்லை. வாரம் தவறாமல் தங்கை கணவனோடு பறவை பார்க்க வருகிற ஏரிதான். எந்த மரத்தில் எந்தக் கூடு என்பது அவருக்குத் தன் ரூட்டின் ஸ்டாப்பிங் மாதிரி அத்துப்படி. கோடை வெயில் மண்டையைப் பிளக்க, காய்ந்த சேற்றின் கவிச்சி மூக்கில் ஏற, நாணல் உரசும் சத்தத்தைத் தவிர ஏரி முழுக்க ஒரு 'கீச்' கூட இல்லை.

"மாப்ளே, இன்னிக்கு வேணாம். கிளம்பிடலாம்."

"என்ன மச்சான், அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில பஸ் ஓட்டுறவரு, கொக்குக்குப் பயப்படுறீங்களே!" போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மாப்பிள்ளை சிரித்தான்.

குஞ்சு பசியில் கத்துகிற ஒலிப்பதிவைப் போட்டால் பெரிய பறவைகள் இரையோடு வரும். படமெடுக்க அவன் கையாளும் வித்தை அது. ஸ்பீக்கரைப் பத்தடி தள்ளி வைப்பதுதான் வழக்கம். இன்று முகத்துக்கு நேரே படம் வேண்டுமென்று, அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு நாணலுக்குள் உட்கார்ந்தான்.

"அதை எடுத்துத் தள்ளி வையி மாப்ளே. தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம். உன்னை முழுசா வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும் நான்."

"உஷ்! கரைக்குப் போங்க மச்சான்."

டிரைவர் கரையேறிப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். கீச்... கீச்... குரல் தொடங்கியதுமே கொக்கு, நாரை, காகம், பருந்து என்று ஒன்றையொன்று விரட்டுகிற பறவைகள்கூட ஒன்றாகக் கிளம்பின. அவற்றின் நிழல் தண்ணீர்மேல் விரிந்து நாணலை மூடியது. சிறகடிக்கும் ஓசைகூட இல்லை.

பிறகு அலறல்.

பைனாகுலரில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. நீண்ட அலகு ஒன்று கன்னத்தில் இறங்கியது. வெளியே வந்தது. மறுபடி இறங்கியது. நாணல் சிவந்தது.

ஓடினார். சேறு முழங்காலைப் பிடித்தது. விழுந்தார். எழுந்தார்.

பறவைகள் விலகி வழிவிட்டன.

மாப்பிள்ளை உட்கார்ந்தேதான் இருந்தான். கண்கள் இல்லை. காதுகள் இல்லை. ஸ்பீக்கர் சுக்குநூறாகக் கிடந்தது. ஆனால் கீச்... கீச்... நிற்கவில்லை. அது அவன் தொண்டையிலிருந்து வந்தது. நாரை ஒன்று குனிந்து, அவன் கன்னத்துச் சதையை அவன் வாய்க்குள்ளேயே ஊட்டியது.

விழுங்கினான்.

"மாப்ளே!" என்று கதறினார் டிரைவர். திறந்த வாய் மூடவில்லை.

பருந்து ஒன்று மெல்லத் திரும்பி, அந்த வாயைப் பார்த்தது. அதன் அலகில் ஒரு கண் தொங்கிக்கொண்டிருந்தது.