இறங்காத பயணி

புது ஸ்பிரிங் போட்ட பிறகும் சைடுகார் தாழ்ந்துதான் நின்றது. முந்தின நாள் மாலை குபாத் அதை ஜாக்கி வைத்துத் தூக்கி, துருவேறிய பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, நரீன் சந்தையில் தேடி வாங்கிவந்த புதியதைப் பொருத்தியிருந்தான். தன் முழுக் கனத்தையும் ஊன்றி அமுக்கி, கையை எடுத்ததும் அது துள்ளி எழுவதைக் கண்ட பிறகுதான் ஷெட்டைப் பூட்டினான். காலையில் கரியடுப்பைப் பற்றவைக்க வந்தபோது மோட்டார்சைக்கிள் நேராக நின்றது. அதை ஒட்டியிருந்த சைடுகார் மட்டும், யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல, சுருள்கள் ஒன்றையொன்று தொடும்படி அழுந்திக் கிடந்தது. உள்ளே கிழிந்த இருக்கையும் அவன் மறந்துவிட்டுப் போன ஒரு ஸ்பானரும் தவிர வேறொன்றும் இல்லை.

அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. கலப்பட இரும்பு, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

குபாத் எளிதில் பயப்படுகிறவன் அல்ல. தீயணைப்புப் படையில் வேலை. எரிகிற வீட்டுக்குள் தவழ்ந்து போய் ஆட்களை இழுத்து வந்திருக்கிறான். ஒரு நாள் பணி முடிந்தால் ஓய்வு நாட்கள் வரும். மலைகளுக்கு நடுவே நரீன் நகரம் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் அந்த நாட்களை எப்படித் தள்ளுவதென்றுதான் பழைய வண்டி ஒன்றை வாங்கிப் புதுக்க ஆசைப்பட்டான். அத்-பாஷி பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சோவியத் காலத்து வண்டி ஒன்று கொட்டகையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, கூட வேலை பார்க்கும் ஷார்ஷெனின் லாரியில் போய்ப் பார்த்தான். விற்றவர் சாயிரா என்ற வயதான பெண்மணி. அவருடைய கணவர் அசானாலி போன இலையுதிர்காலத்தில் இறந்திருந்தார்.

குபாத்துக்குச் சைடுகார் வேண்டியிருக்கவில்லை. வண்டி மட்டும் போதும் என்றான். சாயிரா விலையே பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

"ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா போங்க தம்பி. பிரிச்சுத் தரமாட்டேன்."

லாரியில் ஏற்ற அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட வேண்டியிருந்தது. ஷார்ஷென் மூச்சு வாங்கிக்கொண்டே, உள்ளே யாரையாவது மறந்து விட்டுட்டீங்களாக்கா, இந்தக் கனம் கனக்குதே என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சாயிரா சிரிக்கவில்லை. லாரியின் மேல் எட்டி, சைடுகாரை மூடியிருந்த தார்ப்பாயின் ஓரத்தை, தூங்குகிறவருக்குப் போர்வையைச் செருகிவிடுவதுபோலச் செருகிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்போது அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. வேலை அத்தனை இன்பமாக இருந்தது. எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளைக் குதிரைவால் மயிரால் குத்திச் சுத்தம் செய்து, டாங்கின் பழைய வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி வெறும் தகரத்தின் வெள்ளையைக் கண்டபோது அவனுக்குப் பசியே எடுக்கவில்லை. கனிஷாய் வாசலில் நின்று கூப்பிட்டுச் சலித்துப்போவாள். அவர்களுடைய மகன் அர்கென் இன்னும் தொட்டிலை விட்டு இறங்காத கைக்குழந்தை.

"அந்தப் பொண்டாட்டி கையாலேயே சாப்பிட்டுக்கங்க," என்பாள் கனிஷாய். "நானும் என் பிள்ளையும் கதவைச் சாத்திக்கிறோம்."

ஸ்பிரிங் அழுந்திய அந்தக் காலைக்குப் பிறகு ஷெட்டில் அவன் தனியாக இல்லை என்ற எண்ணம் மெல்ல மெல்ல வந்து படிந்தது. சைடுகாரின் முன்னால் காற்றைத் தடுக்க ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்து, அவன் பனியனோடு நின்று வேலை பார்க்கும்போதும் அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி பூத்தது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. முகத்தின் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மங்கியும், யாரோ நெருங்கி உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல. துடைப்பான். திரும்பி ஒரு மரையை முறுக்கிவிட்டுப் பார்த்தால் மறுபடி பூத்திருக்கும்.

பிறகு வாசனை. பெட்ரோல், கரிப்புகை, புது வண்ணம் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அது எழுந்தது. ஈரக் கம்பளியின் வாசனை. அதோடு இன்னொன்று. இனிப்பும் புளிப்பும் கலந்த, எங்கோ முகர்ந்த ஒன்று. அது என்னவென்று பிடிபட்டபோது கையிலிருந்த துணி நழுவியது. பிரசவம் ஆன வாரத்தில் கனிஷாயின் உடுப்பில் வீசிய பால் வாசனை.

ஷார்ஷென் ஒரு மதியம் வேலையைப் பார்க்க வந்தான். குபாத் எதையும் சொல்லவில்லை. கேலிக்கு ஆளாக வேண்டாம் என்றிருந்தான். ஷார்ஷென் வண்டியைச் சுற்றிவந்து மெச்சினான். ராஜா மாதிரி உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்று சொல்லி, சைடுகாரின் விளிம்பில் கைவைத்து, ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பை மெல்ல இறக்கினான். பாதியில் நின்றுவிட்டான். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. மிகுந்த கவனத்தோடு காலை வெளியே எடுத்தான்.

"உக்கார இடம் இல்லடா," என்றான் தாழ்ந்த குரலில்.

அவ்வளவுதான். தொப்பியைக்கூட எடுக்காமல் போனான். பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டப்பகலில், பனிமேல் வெயில் விழுந்து கண்ணைக் கூசச்செய்த நேரத்தில், குபாத் சைடுகாரைப் பிரித்து எறிந்துவிடுவதென்று முடிவு செய்தான். அடியில் மல்லாந்து படுத்து, அதை வண்டியோடு பிணைத்திருந்த முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி அரைச் சுற்றுச் சுற்றினான். தலைக்கு மேலே, தகரத்துக்கு அப்பால், ஏதோ நகர்ந்தது. இருக்கையில் ஒருவர் புரண்டு சரிசெய்துகொள்ளும் சத்தம். அடுத்து ஒரு முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கேட்கக்கூடாதென்று அடக்கிய முனகல். அதையும் அவன் அறிவான். மகப்பேறு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

எப்படி வெளியே வந்தானென்று தெரியவில்லை. பனியில் முழங்காலிட்டிருந்தான். சாயிராவைப் போனில் அழைத்தான்.

சாயிரா மூச்செடுக்க நிறுத்தி நிறுத்தி, நடந்ததைச் சொன்னார். பல வருடங்களுக்கு முந்தைய கதை. அவருக்கு உல்கான் என்று ஒரு தங்கை இருந்தாள். நிறைமாதம். புருஷன் ஆட்டு மந்தையோடு தொலைவில் இருந்தான். வலி கண்டதும் அசானாலிதான் அவளைச் சைடுகாரில் உட்காரவைத்து, தார்ப்பாயை இழுத்து மூடி, கொக்கிகளை மாட்டி நரீன் மருத்துவமனைக்குக் கிளம்பினார். கணவாயில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றது. உதவி கூட்டிக்கொண்டு வருகிறேன், நான் வந்து சொல்கிறவரை இறங்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சாலைப் பணியாளர்களின் குடிசைவரை நடந்தார். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புயல் ஓய்ந்த பிறகுதான் திரும்பிப் போனார்.

"உடம்பைத்தான் எடுத்துப் புதைச்சோம் தம்பி," என்றார் சாயிரா. "அவ இறங்கல. சொன்ன சொல்லு மீறாத பொண்ணு. வந்தாச்சு, இறங்குன்னு வண்டியை ஓட்டுறவர்தான் சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தைரியம் கடைசிவரைக்கும் வரல. நான் சொன்னா அவ கேக்கல. ஓட்டத் தெரிஞ்ச உங்க கையில குடுத்தா கொண்டுபோய்ச் சேர்ப்பீங்கன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மருத்துவமனை அவன் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்து வேலை. குபாத் தனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டான். இதுவும் ஒரு ஆளை மீட்கிற வேலைதானே. எஞ்சினைப் பூட்டி, டாங்கைப் பொருத்தி, பெட்ரோல் ஊற்றினான். அவன் முடிக்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய், முற்றத்தில் நீல நிழல் இறங்கி, சன்னமாகப் பனி விழத் தொடங்கியிருந்தது. வீட்டுச் சன்னலில் விளக்கு எரிந்தது. கனிஷாய் எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்கும் மணம் வந்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, பக்கவாட்டில் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினான். அவை வெளியிலிருந்து மட்டுமே மாட்டவும் கழற்றவும் கூடியவை. மாட்டும்போது தார்ப்பாயின் அடியில் அவன் விரலுக்கு எதிராக ஒரு வட்டமான மேடு மெல்ல உயர்ந்து, தாழ்ந்தது.

அவன் அங்கே பார்க்கவில்லை.

முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்தது. அத்தனை நாள் உழைப்புக்கு வந்த அந்தச் சத்தத்தில் ஒரு நொடி மகிழ்ச்சிகூட எழுந்தது. ஷெட்டை விட்டு வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் எஞ்சின் இருமி நின்றது. உதைத்தான். மறுபடி உதைத்தான். பனி அடர்ந்தது. வெளிக்கதவு தெரியவில்லை. தெரு தெரியவில்லை. மலை தெரியவில்லை. எங்கும் ஒரே வெண்மை. காற்று எழுந்தது, கணவாயில் எழுவதுபோல.

பக்கத்தில் முனகல். இப்போது அடக்கவில்லை.

டிக் என்றது ஒரு கொக்கி. தானாக. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

தார்ப்பாயின் ஓரம் தூக்கியது. உள்ளே இருள். அந்தப் பால் வாசனை முகத்தில் வந்து அறைந்தது. முழங்கைக்கு மேலே, ஜாக்கெட்டின் கையை ஏதோ பற்றியது. கெஞ்சுவதுபோல. குளிர். எலும்புவரை.

"வந்தாச்சு," என்று கத்தினான் குபாத். "வந்தாச்சுக்கா. இறங்குங்க. இறங்கிடுங்க."

பிடி விட்டது.

நீண்ட கிறீச்சோடு சைடுகார் மேலே எழுந்தது. ஸ்பிரிங் துள்ளி, ஆடி, நின்றது. காற்றும் நின்றது. வெளிக்கதவு, தெரு, எதிர்வீட்டுப் புகைபோக்கி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கைவைத்துப் பார்த்தான். வெறும் தகரம், ஒரு விரலால் ஆட்டலாம். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மருத்துவமனை வாசல்வரை போகாவிட்டால் என்ன, இறங்கிவிட்டாளே என்று வாய்விட்டுச் சொன்னான். வண்டியைத் தள்ளி ஷெட்டில் நிறுத்தினான். கருவிகளை அதனதன் இடத்தில் மாட்டினான். பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினான். அவசரமே இல்லாமல் ஒரு சிகரெட் பிடித்தான்.

வீட்டுக்குப் போகத் திரும்பியபோதுதான் பார்த்தான். வண்டி நின்ற இடத்திலிருந்து தடங்கள். சிறிய, அகன்று வைத்த, கனத்த தடங்கள். அவன் வீட்டு வாசலுக்கு.

கதவு திறந்தே கிடந்தது.

கனிஷாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் லேசான கோபம். கையில் தேநீர்க் கிண்ணம்.

"விருந்தாளி வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாவம், எவ்வளவு தூரம் வந்தாங்களோ, விறைச்சுப்போய் நின்னாங்க. உள்ள வாங்கக்கான்னு கூப்பிட்டு விருந்தாளி மெத்தையில உக்காரவெச்சேன்."

குபாத் அவளைத் தாண்டி அறையைப் பார்த்தான். தொட்டில் காலியாக இருந்தது. குழந்தையைத் தொட்டிலோடு கட்டும் துணிகள் அவிழ்ந்து தொங்கின.

"கை ரெண்டும் ஐஸ்கட்டி," என்றாள் கனிஷாய், குரலைத் தாழ்த்தி. "பிள்ளையைக் குடு, கொஞ்சம் சூடு ஏறட்டும்னு கேட்டாங்க. குடுத்திருக்கேன்."

விருந்தாளிக்கான மெத்தையின் மேல் யாரும் இல்லை. மெத்தைக்கு மேலே, உட்கார்ந்த பெண்ணின் மார்பு உயரத்தில், அர்கென் காற்றில் ஒருக்களித்துக் கிடந்தான். அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தலைக்கு மேலிருந்த எதையோ விழித்தபடி பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். சின்னச் சின்ன வெள்ளை மூச்சாக வந்துகொண்டிருந்தது. அதன் மேல் இன்னொரு மூச்சு, பெரியது, மிகவும் மெதுவாக, கீழே குனிந்து வந்தது.