பதினெட்டு ஜோடிக் காலணிகள்

மூன்று நாளைக்கு முன் ராஜஸ்தான் மணலில், நாற்பத்தாறு டிகிரி வெயிலில் ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்ட அதே சட்டை, அதே கால்சட்டை, அதே சாம்பல் நிறக் காலணிகளோடு பதினெட்டுப் பேரும் பனிக் கணவாயில் பேருந்தைவிட்டு இறங்கினார்கள். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினாறு. யாரும் தோளைக்கூடக் குறுக்கவில்லை. விருதுநகரிலிருந்து வந்த அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் பெட்டி கிடையாது. மருந்துப் பை, சீப்பு, பல்துலக்கி, அவ்வளவுதான்.

நிலையுடை வந்து ஆறு வருடம் ஆகிறது. துணிக்குள் தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள் ஓடும். வெயிலில் அவை உடம்பின் சூட்டை இழுத்துக் காலணிக்குள் சேர்த்து வைக்கும், குளிரில் திருப்பிக் கொடுக்கும். தோலில் ஒரு மெல்லிய துடிப்பை அனுப்பி, மிச்சமிருக்கும் சூடு, குளிர் உணர்வையும் மறக்கடிக்கும். மணிக்கட்டில் சிறிய விளக்கு ஒன்று. பச்சை எரிந்தால் சுகம்.

சுபாஷினிக்குப் பிடித்தது அந்தப் பச்சைதான். முன்பெல்லாம் ஊட்டிக்குப் போவதானாலும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி ஷூ என்று ஒரு வாரம் பெட்டி அடுக்கியவள் அவள். இந்தப் பயணத்துக்கு முந்தின நாள் கணவர் ராஜ்மோகன் பழைய கம்பளிச் சால்வை ஒன்றை மடித்துப் பையில் வைத்தார்.

"இது எதுக்கு? பைத்தியமா உங்களுக்கு? பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்று அவள்தான் அதை வெளியே எடுத்துப் போட்டாள்.

கணவாயின் உச்சியில் மலையம்மனுக்கு ஒரு கல் கோயில் இருந்தது. வாசலில் ஒரு பலகை. பயண வழிகாட்டியாக வந்திருந்த எஸ்தர் அதைப் படித்துச் சொன்னாள்.

"ஷூவைக் கழட்ட வேணாமாம். தரை உறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கு."

"சாமி முன்னாடி ஷூக் காலோட நிக்கிறதா? நல்லா இருக்கும்மா நீ சொல்றது" என்றார் பிரபாகர். நூற்றுப் பத்துக் கிலோ எடையோடு கூட்டத்தின் தலைவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். அவர் குனிந்து காலணியைக் கழற்றினார். அவர் கழற்றியதும் எல்லோரும் கழற்றினார்கள். வாசலில் பதினெட்டு ஜோடி, ஒரே நிறம், ஒரே வடிவம், எந்தக் காலுக்கும் ஏற்ப விரிந்து சுருங்குபவை. எல்லோரும் ஒரே கடையில் ஒன்றாகச் சேர்ந்து வாங்கியவை.

காலணியில்லாமலும் உடை அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். காற்று கிளம்பியிருந்ததால் அவரவர் அகப்பட்டதில் காலை நுழைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்கள்.

உடையின் மூளை உடையில் இல்லை. உடையைத் துவைக்க வேண்டும், காலணியைத் துவைக்க வேண்டியதில்லை என்பதால், அணிந்தவரின் உடம்புக் கணக்கு முழுவதையும் காலணிக்குள் வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர்களின் நாட்டில் வாசலில் காலணியைக் கழற்றிப் போடும் பழக்கம் இல்லை. விருதுநகர்க் கோயில்களிலும் காலணிகள் மாறித்தான் இருக்கும். அந்த வெயிலில் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குப் போனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

பேருந்து இறக்கத்தில் மெதுவாக ஊர்ந்தது. ஓட்டுநர் நம்க்யால் மட்டும் ஆட்டுத்தோல் கோட்டும் கம்பளிக் காலுறையும் போட்டிருந்தார். பல வருடம் தமிழ்க் கூட்டங்களை ஏற்றி இறக்கியவர். நிலையுடை ஏன் போடவில்லை என்று ஏறும்போதே பிரபாகர் அவரைச் சீண்டியிருந்தார்.

"கால் குளிரணும் சார். பெடல்ல குளிர் ஏறினா ரோட்டுல ஐஸ்னு தெரியும். தெரியாட்டி எல்லாரும் பள்ளத்துல" என்றார் நம்க்யால். எல்லோரும் சிரித்தார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும். ராஜ்மோகன் சொல்லிக்கொண்டிருந்த கதையை நடுவில் விட்டுவிட்டார். சுபாஷினி திரும்பிப் பார்த்தாள். சன்னலோரம் சாய்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. சுகமா இருக்கு, சுபா" என்றார். நாக்கு வார்த்தைகளைப் பிடித்து இழுத்தது.

மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை.

அவர் கன்னத்தில் கை வைத்தாள். சூடா, குளிரா? தெரியவில்லை. உடையோடு சேர்ந்த மெல்லிய கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் வைத்தாள். ஏதோ ஒன்றைத் தொடுகிறோம் என்பது மட்டும் தெரிந்தது, மேசையைத் தொடுவதுபோல. ஆறு வருடமாக அந்த விரல்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்று கேட்டபோது அவற்றிடம் பதில் இல்லை.

"எஸ்தர்! இங்க வாம்மா, இவரைத் தொட்டுப் பாரு!"

எஸ்தர் வந்து தொட்டாள். விளக்கைப் பார்த்தாள். "பச்சைதானே ஆன்ட்டி எரியுது? உயரம் ஒத்துக்காம இருக்கும்."

"உனக்குத் தெரியுதா? கை சில்லுன்னு இருக்கா, இல்லையா?"

எஸ்தர் தன் கையுறையையும் கழற்றினாள். இன்னொரு தடவை தொட்டாள். அவள் முகத்திலும் அந்தப் பயம் வந்து இறங்குவதைச் சுபாஷினி பார்த்தாள்.

"அண்ணே! வண்டியை நிறுத்துங்க!"

நம்க்யால் ஓரம் கட்டிவிட்டு வந்தார். ராஜ்மோகனின் கழுத்தில் விரல் வைத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அம்மா, கல்லு மாதிரி இருக்கார். இவ்ளோ குளிர்ல ஆள் நடுங்கணும். ஏன் நடுங்கலை?"

எஸ்தர் குனிந்து ராஜ்மோகனின் காலணி எண்ணைத் தன் பட்டியலில் தேடினாள். "ஐயோ, இது பிரபாகர் சாரோடது."

பிரபாகரின் உடம்பு எப்போதும் அடுப்பு. ஆறு வருடமாக அந்தக் காலணி கற்றுக்கொண்ட ஒரே வேலை சூட்டை உறிஞ்சுவது. ஐம்பத்து நான்கு கிலோ ராஜ்மோகனிடமிருந்தும் அது அதையே நேர்மையாகச் செய்துகொண்டிருந்தது. தன் கணக்கு சரியாக இருந்ததால் விளக்கைப் பச்சையாக வைத்திருந்தது. அந்தப் பச்சை உடைக்குத்தான் சொந்தம், உடம்புக்கு அல்ல.

"அப்ப இவர் ஷூ?" என்றாள் சுபாஷினி.

எல்லோரும் பின்வரிசையைப் பார்த்தார்கள். பிரபாகர் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ராஜ்மோகனின் காலணி அவருக்குச் சூட்டை ஊட்டிக்கொண்டே இருந்தது. முகம் செங்கல் நிறம், ஒரு சொட்டு வியர்வை இல்லை. மணிக்கட்டில் பச்சை. நம்க்யால் அவர் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் மாதிரி கொதிக்குது, இவர் சட்டையையும் எடுங்க, தண்ணி குடுங்க" என்று கத்தினார். இரண்டு பேர் அவரை எழுப்பி, சன்னலைத் திறந்து, காலணியை உருவினார்கள்.

நம்க்யால் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி ராஜ்மோகன்மேல் போட்டார். "உடம்பைத் தேய்க்காதீங்க. பக்கத்துல ஒட்டிப் படுங்க. மனுஷச் சூடுதான் இப்ப மருந்து."

சுபாஷினி அவருடைய உடையை உரித்தாள். பிறகு எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தன் உடையையும் கழற்றிவிட்டு, வெறும் உள்ளாடையோடு கோட்டுக்குள் நுழைந்து அவரைக் கட்டிக்கொண்டாள். வெட்கம் ஞாபகத்துக்கே வரவில்லை. அந்தச் சால்வைதான் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக் கட்டில்மேல் மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுத்தண்டில் எதுவோ ஓடியது. பல் கிட்டித்தது. தன் உடம்பு தன்னைக் கேட்காமல் ஆடுவதைக் கண்டு அவள் அலறப்போனாள். அப்புறம்தான் புரிந்தது. இதுதான் குளிர்.

"நடுங்குங்க" என்று அவர் காதில் கெஞ்சினாள். "ஏங்க, என்னை மாதிரி நடுங்குங்களேன்."

நம்க்யாலின் குடுவையிலிருந்து சர்க்கரைத் தேநீரை எஸ்தர் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ராஜ்மோகனின் தாடை ஒருமுறை துள்ளியது. பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். நம்க்யால் கும்பிட்டார். சுபாஷினி அழுதாள்.

ராஜ்மோகன் கண்ணைத் திறந்து பேசிய முதல் பேச்சு, "குளிருது சுபா, தாங்க முடியல. அந்தச் சட்டையைக் குடு."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க."

"ஐயோ, குத்துது. எலும்புக்குள்ள குத்துது. குடுன்னா குடு!" அவர் குழந்தைபோல் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

அதற்குள் எஸ்தர் பதினெட்டு ஜோடியையும் சரிபார்த்துவிட்டாள். ஏழு ஜோடிகள் மாறியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தடித்த பேனாவால் பெயர் எழுதினாள். "இனிமே மாறவே மாறாது" என்று ஒருவர் சொல்ல, பேருந்து முழுவதும் ஆறுதலாக மூச்சு விட்டது. பிரபாகர்கூடத் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். ஒவ்வொரு மணிக்கட்டாகப் பச்சை எரிந்தது.

சுபாஷினி தடுத்துப் பார்த்தாள். ராஜ்மோகன் அவள் பிடியை உதறிவிட்டுச் சட்டையை மாட்டினார், காலணியை மாட்டினார். நடுக்கம் நின்றது. சன்னலோரம் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா. சுகமா இருக்கு, சுபா."

முன்பு சொன்ன அதே வார்த்தைகள், அதே முகம்.

அவள் அவர் கன்னத்தில் கை வைத்தாள். தன் விரல் சொல்வதை நம்பலாமா என்று தெரியவில்லை. இன்னும் தன் உடையை மாட்டாமல், கோட்டைப் போர்த்தியபடி, பற்கள் கிடுகிடுக்க முன்பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் வந்து இவரைத் தொட்டுப் பாருங்க."

நம்க்யால் எழுந்து வந்தார். அவர் அருகே வருவதற்குள் அடுத்த வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது, அதற்கு அடுத்த வரிசையிலிருந்து இன்னொன்று.

"அண்ணே, அப்படியே என்னையும்."