வாடாத குழை

ஒரு வருடத்துக்கு முன் கிருஷாந்த் செருகிவிட்டுப் போன குழை இன்னும் வாடவில்லை.

தம்பலகாமத்துக்கு அப்பால், அந்தச் சிறு மலையின் அடிவாரத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. மலையேறுகிறவர்கள் காட்டுப் பிள்ளையாரை நினைத்து இலையோடு ஒரு குழை முறித்து அதன் தாழ்ந்த கிளையில் செருகிவிட்டுப் போவார்கள். இறங்கி வந்ததும் அவரவர் குழையை அவரவரே எடுத்து எறிவார்கள். கிருஷாந்த் எறிய வரவில்லை. ஊரே ஏறித் தேடியும் அவனுடைய செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் மனைவி நிவேதிகாவுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தாலியைக் கழற்ற மனம் வரவில்லை, கட்டியவனும் வரவில்லை. இன்று ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் தனியாக வந்திருந்தாள். உயிரோடோ எலும்பாகவோ அவனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது.

குழையைக் கட்டியிருந்த, அவன் முகம் துடைக்கும் நீல லேஞ்சி வெயிலில் வெளிறிப்போயிருந்தது. இலைகள் மட்டும் இப்போதுதான் முறித்ததுபோல் இருந்தன.

"அக்கா, இது எப்பிடி இன்னும் பச்சையா இருக்கு?"

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பூரணி நிமிரவில்லை. "தெரியாது பிள்ளை. நாங்கள் அந்தப் பக்கம் பாக்கிறேல்ல. அதில கை வைச்சிராதேங்கோ. வைச்ச ஆள்தான் எடுக்கோணும்."

"அவர் வராட்டி?"

"வராட்டி அது அங்கதான் இருக்கோணும்."

நிவேதிகா தன் குழையை முறித்து அதன் பக்கத்தில் செருகிவிட்டு ஏறத் தொடங்கினாள்.

கச்சான் காற்று அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே ஏற ஏற, காய்ந்த இலைகள் காலடியில் அப்பளம்போல நொறுங்கும் சத்தமும், விடாமல் இரைந்த சில்வண்டுகளும், வெந்த பாறையிலிருந்து எழுந்த குரங்கு மூத்திர நாற்றமும், மரங்களுக்கு ஊடாக விழுந்து அவளுக்கு முன்னே நகர்ந்துகொண்டே போன வெயில் பொட்டுகளும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. உச்சியில் வெறும் பாறைதான் இருந்தது. தூரத்தில் துறைமுகத்துக் கடல் மினுங்கியது.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினாள்.

சில்வண்டுகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு அவை இரையவே இல்லை.

பயம் அப்போதுதான் வந்தது. இறங்கினாள். பின்னால் இலைகள் நொறுங்கின. ஒரு அடி அழுத்தமாக, அடுத்தது இழுபட்டு. மோட்டார் சைக்கிளில் விழுந்த பிறகு கிருஷாந்த் அப்படித்தான் நடப்பான். அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் அவன் வியர்வையும் சந்தனச் சவர்க்காரமும் கலந்த மணம், கழுத்தருகே. ஒரு வருடம் தலையணையில் தேடிய மணம் அது.

பாலை மரத்தடிக்கு ஓடி வந்தாள். காலடிச் சத்தம் மரத்தின் நிழலோடு நின்றது.

"நிவே." அவன் குரல்தான். "குழையை எடும். எனக்கு ஏலாது."

எதிரே பூரணி ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நிவேதிகாவின் காதில் விழவில்லை. அவள் நீல லேஞ்சியைப் பிடித்து இழுத்தாள்.

கைக்கு வந்தபோதே குழை சருகாகிவிட்டது.

பூரணி பாதி வழியில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

இழுபட்ட காலடி வெயிலுக்குள் வந்தது. அவளைக் கடந்து போனது. ஸ்கூட்டியின் பின்பக்கம் அமுங்கியது.

"வீட்ட போவம்."

அவள் ஏறினாள். வேறென்ன செய்வாள்? அதற்குத்தானே வந்தாள். இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றின. குளிர்ந்த கைகள். ஸ்கூட்டி ரோட்டில் ஏறியது.

பக்கக் கண்ணாடியில் பாலை மரம் தெரிந்தது. அதன் கிளையில் அவள் எடுக்க மறந்த குழை.

அதன் கீழே கிருஷாந்த்.

அன்றைக்குப் போட்டிருந்த அதே சேர்ட். நிழலின் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.