ஒரு சாண் பின்னால்

அந்த வீட்டின் அழைப்புமணி வேலை செய்யாது என்று துல்லியம் வாசலில் நின்றபடியே முடிவு கட்டிவிட்டான். மணி அடித்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

துல்லியம் அவன் பெயரல்ல, புகைப்படக்காரர்கள் சேர்ந்து வைத்த பட்டம். யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கி, "துல்லியம் பத்தாது" என்பான். கல்யாணப் படம் எடுப்பவர்கள் அவனுக்கு எடுபிடிகள். செல்போனில் எடுப்பவர்களை அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் அவன் எடுத்து மற்றவர்கள் வாயைப் பிளந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் புகைப்படக்காரர், சமீபத்தில்தான் இறந்திருந்தார். அவருடைய பழைய லென்ஸை வாங்கத்தான் துல்லியம் வந்திருந்தான். வாய் அகன்ற கனத்த லென்ஸ். மங்கிய வெளிச்சத்திலும் முகத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் அதில் கூர்மை விழுகிற இடம் மயிரிழைதான், கண்ணில் வைத்தால் காது கலங்கிவிடும்.

அறையில் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. நெடுநாள் திறக்காத துணி அலமாரியின் வாடை. அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அசையவே இல்லை.

"தினமும் இதுல என்னைத்தான் எடுப்பார் தம்பி. கடைசி வரைக்கும். ஒண்ணைக்கூட என்கிட்ட காட்டினதில்ல."

"கேவலமா வந்திருக்கும். அதான் காட்டியிருக்க மாட்டார்," என்றான் துல்லியம். துக்க வீடு என்ற இங்கிதம் அவனிடம் எங்கே இருந்தது?

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி விழும். அவர் சரி பண்ணவே இல்ல." மெதுவாகச் சிரித்தார். "நீங்க சரி பண்ணிடுங்க. பிரமாதமா இருக்கும்."

லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி அவரையே ஒரு படம் எடுத்துப் பார்த்தான். அவனுடையது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. பார்க்கிற ஜன்னலின் நடுவில் சின்னச் சதுரம் இருக்கும், அதில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அப்போது அழுத்த வேண்டும். அழுத்தினான். கேமராவின் திரையில் அம்மாளின் முகம் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று பளிச்சென்று விழுந்திருந்தது. என்னவென்று பார்க்கும் பொறுமை அவனுக்கு இல்லை. சூள் கொட்டிவிட்டு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேட்டரிகளைச் சாய்வாக வரிசையாய் வைத்துச் சோதித்தான். நடு பேட்டரியில் வைத்தால் நடு பேட்டரிதான் கூர்மையாக விழுந்தது, மயிரிழை பிசகவில்லை. அடுத்து மனைவியை உட்காரவைத்து எடுத்தான். முகம் கலங்கி, ஒரு சாண் பின்னால் போய்க் கூர்மை விழுந்தது. திரும்பவும் பேட்டரி, சரி. திரும்பவும் மனைவி, ஒரு சாண் பின்னால்.

"அப்போ லென்ஸ் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி. "சாமானெல்லாம் சரியா விழுந்து மனுஷங்க மட்டும் எப்படித் தப்புவாங்க?"

"உனக்குப் புரியுற விஷயமில்ல. போய் வேற வேலையப் பாரு."

உண்மையில் அது அவனுக்கும் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்வதற்கு அவன் நாக்கு வளையாது.

புகைப்படக்காரர்கள் சங்கத்தில் தலைவரை எடுத்துக் காட்டியபோது மானமே போனது. தலைவரின் தலை பளபளவென்று வழுக்கை. படத்தில் அவர் முகம் கரைத்துவிட்ட மாவு போல் இருந்தது. அவருக்கு ஒரு சாண் பின்னால், வெறும் காற்றில், நீளமான தலைமுடி இழைகள் மட்டும் தனித்தனியாக எண்ணுகிற கூர்மையில் தொங்கிக்கொண்டிருந்தன.

செல்போன் என்று அவன் பட்டம் வைத்திருந்த இளைஞன் எட்டிப் பார்த்தான். "துல்லியம் சார், நம்ம தலைவருக்குப் பின்னாடி யாரோட முடி சார் இது?"

சங்கமே சிரித்தது. தலைவர்கூடச் சிரித்தார்.

"சென்சார்ல தூசி. இதுகூடத் தெரியாதவனெல்லாம் படம் எடுக்க வந்துட்டீங்க," என்று துல்லியம் சீறினான். "கண்காட்சிக்கு என் பொண்ணு படத்த மாட்டுறேன். இமையை எண்ணிப் பாருங்க. அப்புறம் சிரிங்க."

மகளுக்கு ஏழு வயது, வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நகத்தைக் கடிப்பாள். உட்கார்ந்தால் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள், தூக்கத்தில்கூட அந்தக் கால் நிற்காது. அப்பனை மதிக்கவே மாட்டாள். உலகத்தில் துல்லியம் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அவளிடம் மட்டும் அவன் திட்டு வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுவான்.

லென்ஸின் பின்பக்கத்தில் பித்தளை வளையம் ஒன்று உண்டு. அது கேமராவுக்குள் இருக்கும் குட்டிச் சக்கரத்தை அழுத்தித்தான் அந்த இரட்டைப் பிம்பத்தை நகர்த்துகிறது. வளையத்தின்மேல் மெல்லிய தாமிரப் பட்டை ஒன்றை ஒட்டினால் பின்னால் விழுகிற கூர்மை முன்னால் வந்துவிடும். துல்லியம் ஒட்டினான். இப்போது பேட்டரிகள் தப்பாக விழுந்தன. மூளை உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். பேட்டரியையா கண்காட்சியில் மாட்டப்போகிறோம் என்று இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டான்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் கவுன் போட்ட வாண்டு சாப்பாட்டு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, சீக்கிரம் எடு. உன்னோட ஒரே ரோதனை."

"அசையாதடி செல்லம். ஒரே ஒண்ணு."

கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தான். நடுச் சதுரத்தில் வழக்கம்போல் இரண்டு முகங்கள்.

ஒன்று கண்ணைச் சிமிட்டியது.

மற்றது சிமிட்டவில்லை.

வெயில் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டான். வளையத்தைத் திருப்பினான். சிமிட்டாத முகம் பின்னாலிருந்து மெதுவாக நகர்ந்து வந்தது. வாண்டுவின் காதைத் தொட்டது. கன்னத்தை மூடியது. அவள் முகத்தின்மேல் பொருத்தமாக உட்கார்ந்தது.

அழுத்தினான்.

பழைய துணி அலமாரியின் வாடை அடித்தது.

நாற்காலியில் கால் ஆடுவது நின்றது.

துல்லியம் இது எதையும் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்துத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இமையும் தனித்தனியாக விழுந்திருந்தது. செல்போன் பயலின் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்தபோதே அவனுக்கு இனித்தது.

சாயங்காலம் மனைவி அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இவளுக்கு என்ன ஆச்சு? அந்த நாற்காலியவிட்டு எழுந்திருக்கவே இல்ல. என்னை வாங்க போங்கன்னு பேசுறா."

"ஒழுங்கா உட்கார்ந்தா அதுவும் உனக்குக் குத்தமா?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வாண்டு இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்திருந்தாள்.

அந்த மாதிரி உட்கார்ந்த ஒருவரை அவனுக்குத் தெரியும்.

மத்தியானம் எடுத்த படத்தைத் திரும்பத் திரையில் கொண்டுவந்து பெரிதாக்கினான். இமைகளைத் தாண்டி, தோளைத் தாண்டிப் போனான். ஒரு சாண் பின்னால் ஒரு மஞ்சள் கலங்கல் இருந்தது. கவுனின் அதே மஞ்சள். அதிலிருந்து கை மாதிரி ஒன்று முன்னால் நீண்டிருந்தது.

நகத்தால் தாமிரப் பட்டையைச் சுரண்டி எடுத்தான். லென்ஸை மாட்டி நாற்காலியின் எதிரே மண்டியிட்டான். நாற்காலியில் இருந்தது அசையாமல் பார்த்தது. அழுத்தினான்.

முகம் கலங்கியிருந்தது. ஒரு சாண் பின்னால், இமை இமையாக, நகம் கடித்த விரல் விரலாக, வாண்டு நின்றாள். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர்த் தடம்கூடத் தெரிந்தது.

நாற்காலிக்குப் பின்னால் ஓடிப்போய்க் கைகளால் துழாவினான். காற்றுதான் இருந்தது. பட்டையைத் திரும்ப ஒட்டினான், பிய்த்தான், ஒட்டி ஒட்டி எடுத்தான். முன்னால் வந்தது திரும்பப் பின்னால் போகவில்லை.

கேமராவில் முதல் நாள் எடுத்த படம் இன்னும் இருந்தது. அம்மாளின் கலங்கிய முகத்துக்குப் பின்னால் பளிச்சென்று விழுந்திருந்ததை அவன் இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தான். அதே அம்மாள்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்துபோய், கேமராவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அம்மாளின் கணவர் லென்ஸைச் சரி பண்ணாமல் விட்டது ஏன் என்று துல்லியத்துக்குப் புரிந்துவிட்டது.

அந்த வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. அம்மாள் எங்கே போனார் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அவன் போகவில்லை. யார் படத்தையும் இப்போது குறை சொல்வதில்லை. தினமும் வெயில் ஜன்னலுக்கு வரும் நேரத்தில் மகளை நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுக்கிறான். லென்ஸைப் பழுது பார்க்கக் கொடுக்கலாமே என்று மனைவி ஒருநாள் சொன்னபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். அவள் பயந்துபோய்விட்டாள்.

நேற்றும் எடுத்தான்.

"தினமும் எடுக்கறீங்க," என்றது நாற்காலியில் இருந்தது, கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. "ஒண்ணைக்கூட என்கிட்ட காட்ட மாட்டேங்கறீங்களே அப்பா."

துல்லியம் திரையை மார்போடு மறைத்துக்கொண்டு மூலைக்குப் போனான். படத்தில் வாண்டு நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தி ஓய்ந்துபோயிருந்தாள். எல்லாமே கூர்மையாக இருந்தது, ஒரு கால் மட்டும் கலங்கியிருந்தது.

அந்தக் காலை அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.