சர்க்கரைக்கு அடியில் ஒரு பிணம்

ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதனை நோக்கி விரல் நீட்டும் பழக்கம் அந்த இன்ஸ்பெக்டருக்குப் பிறவியிலேயே கிடையாது.

இதை அவரேதான் சொல்வார். கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார்.

அன்று காலையும் சொல்லிக்கொண்டிருந்தார்... மனைவியிடம்... சர்க்கரை இல்லாத காபியை முகத்தைச் சுளித்து விழுங்கியபடி.

டி.வி.யில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். முதல் மாதம், "சர்க்கரைத் தட்டுப்பாடே இல்லை" என்று பேசியவர். இரண்டாம் மாதம், "கசப்புதான் உடம்புக்கு நல்லது" என்று பேசியவர். இப்போது மூன்றாம் மாதம்.

"சர்க்கரை எங்கே போச்சு? அக்கரைக்காரன் வீட்டுக்குப் போச்சு..."

கூட்டம் கைதட்டியது. கைதட்டிய எல்லோரும் வெறும் காபி குடித்துவிட்டு வந்தவர்கள்.

அக்கரைக்காரர்கள் என்றால் வேறு யாரும் இல்லை. அவர்களுடைய தாத்தாக்கள் எப்போதோ ஆற்றைத் தாண்டி வந்தார்கள். பேரன்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே மூட்டை தூக்குகிறார்கள்.

"பார்த்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "மில்லு மூடினப்போ அக்கரைக்காரன். பஸ் டிக்கெட் ஏறினப்போ அக்கரைக்காரன். இந்த ஆளுக்குக் கால்ல முள்ளு குத்தினாக்கூட ஆத்துப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பான்."

"மெதுவாப் பேசுங்க. மாடி வீட்டுக்காரர் கட்சிக்காரர்."

"கேட்கட்டுமே. நான் என்ன அவன் மாதிரியா? என் சர்வீஸ்ல இதுவரைக்கும்..."

"ஆதாரம் இல்லாம ஒருத்தரையும் தொட்டதில்ல. தெரியும். நேத்துப் பால் பொங்கி வழிஞ்சப்பவும் அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

டெலிபோன் அலறியது.

மறுமுனையில் ஏட்டு. பூகம்பமே வந்தாலும் கொட்டாவி விட்டுவிட்டுத்தான் ஓடுவார்.

"ஐயா... சர்க்காரு கிடங்குல ஒரு பிணம். மேலாளர்தான்."

"எப்படிய்யா?"

"சர்க்கரையாலங்க."

"சுகர் ஜாஸ்தியாயிடுச்சா?"

"ஆமாங்கய்யா. மேல விழுந்தது ஒரு லாரி லோடு இருக்கும்."

* * *

கிடங்கின் இரும்புக் கதவுக்குள் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார்.

ஊரே ஒரு கரண்டிக்கு ஏங்கும் பொருள், உள்ளே கூரை வரைக்கும் நின்றது. ஒவ்வொரு மூட்டையிலும் தலைவரின் சிரித்த முகம் அச்சாகியிருந்தது.

"என்னய்யா இது?"

"அக்கரைக்காரங்க கடைகள்ல இருந்து 'மீட்ட' சர்க்கரைங்க. தேர்தலுக்கு முந்தி வீட்டுக்கு வீடு குடுக்கலாம்னு வெச்சிருக்காங்க."

"அப்போ பதுக்கினது யாரு?"

ஏட்டு கூரையைப் பார்த்தார்.

வலது பக்கம் ஒரு அடுக்கு முழுதாகச் சரிந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. பளபளக்கும் ஷூ... சர்க்கரை தூவிய ஷூ.

மூட்டைகளைப் புரட்டினார்கள். மேலாளரின் ஒரு கையில் மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுக்கும் குத்தூசி. இன்னொரு கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. பாவம், ஆபீஸ் டீக்கு ஒரு டம்ளர் சர்க்கரை எடுக்க வந்த மனிதர். அடி மூட்டையில் குத்தியிருக்கிறார்.

"ஆளைப் பிடிச்சாச்சுங்க" என்றார் ஏட்டு.

"எந்த ஆளை?"

"பழைய மேஸ்திரி. அக்கரைக்காரர். இங்கே சுமை தூக்குறவங்களுக்கெல்லாம் அவர்தான் தலை. போன மாசம் எல்லாரையும் வேலையை விட்டு எடுத்தாங்களே, 'நம்ம வேலை நமக்கே'ன்னு... அதுல போனவர். காலையில கிடங்கு கேட்டுக்கிட்ட நின்னாராம். கட்சிப் பசங்க நாலு சாத்து சாத்தி ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டாங்க. டி.வி.யிலயும் சொல்லியாச்சு."

"விசாரிக்காமயேவா?"

"டி.வி.யில விசாரிச்சுட்டாங்களாம்."

இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏட்டு... நான் இருக்கிற வரைக்கும் இது நடக்காது."

"அதுலதாங்கய்யா ஒரு விஷயம் சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு."

* * *

ஸ்டேஷன் வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. மேஸ்திரியின் மனைவி.

"ஐயா... அவரு ஒரு எறும்பைக்கூட..."

"எழுந்திரும்மா. தப்பு பண்ணலைன்னா இங்கே ஒருத்தரும் தொட மாட்டாங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

உள்ளே மேஸ்திரி கம்பிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"கேட்டுக்கிட்ட எதுக்கு வந்தே?"

"கொக்கி எடுக்கங்க. மூட்டையில மாட்டி இழுக்கிற கொக்கி. உள்ளேயே விட்டுட்டேன். வேற எடத்துல வேலை கேட்டா, கொக்கி எங்கேங்குறாங்க."

"மேலாளர் மேல கோபம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. அவருக்கும் என் மேல வருத்தம் இருந்துச்சு. நான் போனப்புறம் மூட்டையை அவரே உருட்ட வேண்டியதாப் போச்சுல்ல?"

"உள்ளே போனியா?"

"கேட்டுலயே அடிக்க ஆரம்பிச்சுட்டாங்களே. அடி வாங்கிக்கிட்டே உள்ளே போய் மூட்டையைத் தள்ளிட்டு, மறுபடி வந்து மிச்ச அடியை வாங்குற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தூக்குன்னு பேசிக்கிறாங்க" என்றார் மேஸ்திரி. குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "நெசமாங்களா?"

"யாரு சொன்னா?"

"டி.வி.யில."

"டி.வி.யை அணைக்கச் சொல்றேன். நீ சாயங்காலம் வீட்டுல இருப்பே. இது என் வாக்கு."

வெளியே வந்து அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னார். அவள் கும்பிட்டாள். கும்பிடு வாங்கியதும் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல் நடந்தார்.

"ஐயா, அந்த விஷயம்..." என்றார் ஏட்டு.

"வண்டியை எடு. கிடங்குக்குப் போகணும்."

* * *

இரண்டாவது முறை பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது.

இடது பக்கம் பழைய அரிசி மூட்டைகள். மேஸ்திரியின் ஆட்கள் அடுக்கியவை. ஒரு வரிசை நீளவாட்டில், அதன் மேல் வரிசை குறுக்குவாட்டில்... ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒன்றை உருவினாலும் சரியாது.

வலது பக்கம் சர்க்கரை. ஒரு மூட்டை. அதன் தலையில் ஒரு மூட்டை. அதன் தலையில் இன்னொன்று. கூரை வரைக்கும் தனித்தனித் தூண்கள். ஒன்றுக்கு ஒன்று உறவே கிடையாது.

"ஏட்டு... இங்கே பாரு. அடி மூட்டையில குத்தூசி இறங்கியிருக்கு. சர்க்கரை கொட்டி மூட்டை தொய்ஞ்சிருக்கு. மேலே இருக்கிறதெல்லாம் சாய்ஞ்சிருக்கு. ஒருத்தனும் தள்ளல. இது கொலையே இல்ல."

"ஆமாங்கய்யா."

"குறுக்கால பின்னி அடுக்கியிருந்தா அந்த மனுஷன் இப்போ டீ குடிச்சுக்கிட்டிருப்பாரு. வேலை தெரிஞ்சவனை விரட்டிட்டு, வேலை தெரியாதவனை வெச்சு அடுக்கினாங்க. அடுக்கினது யாரு? தலைவர் தோள்ல மூட்டையோட போஸ் குடுத்தாரே... கூட வெள்ளைச் சட்டைத் தொண்டர் படை. பேப்பர்லயே வந்துச்சு."

"வந்துச்சுங்க. அதுல நீங்களும் ஓரமா நிக்கிறீங்க."

"பந்தோபஸ்துக்கு நின்னேன். ஏட்டு, நேரா தலைவர் பங்களாவுக்குப் போறோம். அவர் மூஞ்சிக்கு நேராச் சொல்லப்போறேன். அக்கரைக்காரன் இல்ல, அடுக்கினவன்தான் குத்தவாளின்னு."

ஏட்டு ஜீப்பைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

"என்னய்யா?"

"காலையில இருந்து சொல்ல வர்ற விஷயம்ங்க. இப்பவாவது சொல்லிடவா?"

"சொல்லித் தொலை."

"தலைவர் தூக்கினது ஒரு மூட்டைங்க. அதுலயும் பாதி பஞ்சு. போட்டோ எடுத்ததும் அவர் போயிட்டார். தொண்டர் படை சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு அவர் பின்னாடியே போயிடுச்சு."

"சரி..."

"மிச்ச மூட்டையெல்லாம் லாரியிலயே இருந்துச்சுங்க."

இன்ஸ்பெக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஞாபகம்... வியர்வை... முதுகுவலி... வரிசையாக நின்ற காக்கிச் சட்டைகள்...

"அடுக்கினது நம்ம ஸ்டேஷனுங்க" என்றார் ஏட்டு. "மூட்டைக்குள்ள என்னன்னுகூட அன்னைக்கு நாம பார்க்கல. குறுக்கால வெக்கலாமான்னு நான்கூடக் கேட்டேன். 'நாம என்ன கோட்டையா கட்டுறோம்? நேரா ஏத்திட்டு வீட்டுக்குக் கிளம்புங்கய்யா'ன்னு நீங்கதான்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?"

"அப்புறம் சொல்லுன்னீங்க."

* * *

தலைவர் டி.வி.யில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்தில் சர்க்கரை குவிந்திருந்தது.

"வாய்யா. ஆள் அனுப்பினதும் வந்துட்டியே. உன்னைப் பத்திச் சொன்னாங்க. நேர்மையான ஆளாமே?"

"அப்படித்தான் சொல்லுவாங்க, தலைவரே."

"எனக்கு இன்னைக்கு அதுதான் வேணும்." தலைவர் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "காலையில அக்கரைக்காரங்க சங்கத் தலைவர் வந்துட்டுப் போனார். கூட்டணி பேசியாச்சு. அவங்க ஓட்டு மொத்தமா நமக்கு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன்... அந்த மேஸ்திரியை விடணும்."

இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"நானும் யோசிச்சேன்" என்றார் தலைவர். "எத்தனை நாளைக்குத்தான் எல்லாத்தையும் அவங்க தலையிலயே கட்டுறது? எனக்கே அலுத்துப்போச்சு. இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்ப்போம். மூட்டை எப்படி விழுந்துச்சு?"

"அது... வந்து..."

"சரியா அடுக்கலைன்னு ஒரு பேச்சு வந்துச்சு. நம்ம பசங்க போட்டோவோட கிளம்பிட்டாங்க, அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் எவனோ ஒரு அரைகுறை அடுக்கியிருக்கான். அவன் பேரைச் சொல்லு. இன்னைக்குச் சாயங்காலமே மேடையில அவன் பேரைச் சொல்லி, உள்ளே தள்ளி, மேஸ்திரிக்கு என் கையாலயே மாலை போடுறேன். யாருய்யா அவன்?"

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே... அவசரப்பட்டு அவங்களை நம்பாதீங்க."

"யாரை?"

"அக்கரைக்காரங்களை."

தலைவரின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அந்த மேஸ்திரிதான் பண்ணியிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். மிக மெதுவாக... பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில். "வேலை போன ஆத்திரம். கேட்டுக்கிட்ட நின்னிருக்கான். தப்பு பண்ணாதவன் அங்கே எதுக்கு நிக்கணும்? இன்னைக்கு நீங்க அவனை விட்டா, ஊர் ஜனம் என்ன நினைக்கும்? இவ்வளவு நாள் நீங்க சொன்னதெல்லாம் பொய்யான்னு கேக்காதா? அப்போ சர்க்கரை எங்கேன்னு கேக்கும். மில்லு ஏன் மூடுச்சுன்னு கேக்கும். கேக்க ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க, தலைவரே."

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆதாரம் இருக்கா?" என்றார். அரசியலுக்கு வந்த பிறகு அவர் வாயில் அந்தக் கேள்வி வருவது அதுதான் முதல் தடவை.

"அவன் அக்கரைக்காரன். வேற என்ன ஆதாரம் வேணும்?"

"யோவ்... அதை நான் மேடையில சும்மா சொல்றதுய்யா" என்றார் தலைவர், நிஜமான வருத்தத்தோடு. "நீ படிச்சவன். நீயுமா நம்புறே?"

இன்ஸ்பெக்டர் தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. நேர்மையான ஆளு நீயே இவ்வளவு உறுதியாச் சொல்றப்போ நான் என்ன பண்றது? கேஸைப் போடு. கூட்டணிக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

* * *

ஜீப் ஸ்டேஷன் தெருவுக்குள் திரும்பியது. வாசல் படியில் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பைக் கண்டதும் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்தார்.

"ஏட்டு... பின்வாசல் வழியாப் போ."

"பின்வாசல் பூட்டியிருக்குங்கய்யா. சாவி காணோம்."

"யாருய்யா தொலைச்சது?"

ஏட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

"அக்கரைக்காரங்கதான்னு எழுதிக்கலாம்ங்கய்யா."