அப்புறம் என்ற வரி

காலையில் வந்து சேரும் இறந்தவர்களை அடுக்கில் ஏற்றிவிட்டுத்தான் அஞ்சுகம் டீ குடிக்கப் போவாள். விரல் நகம் அளவு வில்லைகள். ஒரு வில்லைக்கு ஒருவர். பஞ்சில் பொதிந்து, மேலே எண் மட்டும் குறித்து, தூத்துக்குடிக் கரையிலிருந்து தினமும் ஒரு பெட்டி கடலுக்கடியில் இறங்கி வரும்.

நகல்மனக் கிடங்கு கடலின் அடியில் இருந்ததற்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. வில்லைகளுக்குக் குளிர்ச்சி வேண்டும். மின்சாரத்தைவிடக் கடல் மலிவு.

சாவதற்கு முன் எடுத்துவைத்த மனம், வில்லைக்குள் நினைவுமொழியில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அதை ஓட்டினால் இறந்தவர் விழித்துக்கொள்வார். வீட்டுச் சுவரிலிருந்து பேசுவார், சண்டை போடுவார், கிரிக்கெட் பார்ப்பார். ஆனால் ஓட்டிய மனத்தை நிறுத்த முடியாது. ஓடுகிற மனம் உயிர். அதை நிறுத்துவது கொலை. தொடக்க காலத்தில் சரிபார்க்காமலே ஓட்டிவிட்டார்கள். ஒருவர் விழித்த கணத்திலிருந்து இருமிக்கொண்டே இருந்தார். இருமுவதற்கு நெஞ்சு இல்லை, நீர் குடிக்கத் தொண்டை இல்லை. குடும்பம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. பூட்டிய வீட்டின் சுவரில் அவர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் உரைகல் வந்தது. மனத்தை ஓட்டாமலே படிக்கிற கருவி. முதலில் வரிகளைக் கிளை கிளையாக மரம்போலப் பிரித்துக்கொள்ளும். பிறகு அந்த மரத்தில் விதிகள் ஏறி இறங்கும். விதி என்பது ஒரு சின்ன எறும்பு. இன்ன கிளையில் இன்ன காய் இருந்தால் கத்து என்று சொல்லி விட்டால், அதற்கு மட்டும் கத்தும். பொதுவான கோளாறுகளுக்கு உரைகல்லோடு வந்த விதிகளே போதும். அவற்றில் அடங்காத கோளாறு வந்தால் அதற்கென்று ஒரு தனிவிதி எழுத வேண்டும். அஞ்சுகத்தின் வேலை அது.

அவளுக்கு அது பிடித்த வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

கிடங்கில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வரிகளை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. படித்தால் அவை படிக்கிறவர் மூளையில் ஓடத் தொடங்கிவிடும் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த அதிகாரி மோட்சம் என்பவர் சொல்லிவிட்டார். முன்பு வேலை பார்த்த ஒருவர் அப்படிப் படித்துவிட்டு, கடைசிவரை வேறு யாருடைய மனைவியையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று டீ ஆறுவதற்குள் அக்கா வீட்டு அத்தான் போனில் கூப்பிட்டுவிட்டார்.

"அஞ்சு, அக்காவ நிறுத்தி வச்சிருக்காங்களாமே? கரை ஆபீஸ்ல கேட்டா, சந்தேகம் தீரலைன்னா வெள்ளிக்கிழமை அழிச்சிருவோம்ங்கான். ஏம்மா, அவளுக்கு என்ன கோளாறு? எங்கூட இருந்தப்ப நல்லாத்தான இருந்தா?"

"பாக்கேன் அத்தான்."

"நீ அங்கதான இருக்க. உனக்குத் தெரியாம எப்படிப் போச்சு?"

அக்கா செண்பகம் இறந்து பெட்டியில் வந்து இறங்கியபோது, அஞ்சுகமே பஞ்சைப் பிரித்து அடுக்கில் ஏற்றியிருக்கிறாள். எண் மட்டும்தானே இருந்தது.

செண்பகத்தின் வில்லையில் உரைகல்லின் சுழல் விதி கத்தியிருந்தது. ஒரே நினைப்பு திரும்பத் திரும்பச் சுற்றினால் அது சுழல். சுழலுக்கு வெளிவாசல் இல்லையென்றால், ஓட்டப்பட்ட மனம் என்றைக்கும் அதிலேயே சுற்றும். இருமுகிறவரைப் போல. இங்கே வெளிவாசல் இருந்தது. அது திறக்குமா என்றுதான் உரைகல்லுக்குத் தெரியவில்லை. அஞ்சுகம் அந்த வரிகளைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

பொழுது சாய்ந்தால், அஞ்சுவை நினை.
நினைத்தால், கூப்பிடு.
கூப்பிடும் முன்: அவள் வேலையாக இருப்பாள். அப்புறம்.
வாழ்நாள் தீர்ந்தால், வெளியேறு. தீராவிட்டால், முதல் வரிக்குப் போ.

'கூப்பிடு' என்ற சொல்லின் பக்கத்தில் உரைகல் சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தது: இந்த வரி ஒருமுறையும் எட்டப்படவில்லை.

அஞ்சுகம் மீண்டும் படித்தாள். உதடு அசைவது அவளுக்குத் தெரியவில்லை. "அவ வேலையா இருப்பா... அப்புறம்" என்ற குரல் காதில் விழுந்தபோதுதான் திடுக்கிட்டாள். சொன்னது அவள் வாய். இழுத்துச் சொன்ன விதம் அக்காவுடையது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தடித்த கண்ணாடிக்கு அப்பால் கடல் ஒரே பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" மோட்சம் பின்னால் வந்து நின்றார்.

"எங்க அக்கா, அண்ணாச்சி."

அவர் திரையைப் படித்தார்.

"ஒரு ஆளுக்குன்னு விலக்குப் போட முடியாது தாயி. விதி எழுது. எல்லார் மேலயும் நிக்கிற மாதிரி எழுது. உங்க அக்கா அதுல தப்பிச்சா தப்பிக்கட்டும்."

முதலில் எழுதிய விதி மோசமான விதி. அவசரத்தில் 'அப்புறம்' என்ற சொல்லை மட்டும் தேடச் சொல்லிவிட்டாள். சில வில்லைகளில் அதை விட்டுப் பார்த்ததும் மோட்சம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தாளு கத கேட்டுட்டு 'அப்புறம்?'னு கேட்டிருக்காரு. அதுக்குப் போயி பிடிச்சிட்டே உன் எறும்பு! பாவம்லா?"

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. செண்பகத்தின் மரத்தில் கீழ்க்கிளைகளில், இளம்வயதுக் கிளைகளில், அதே சொல் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. அஞ்சுகம் வெளியூரில் படித்தபோது நடந்த தொலைபேசிப் பேச்சுகள். பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் வைக்க மனமில்லாமல் அக்கா "அப்புறம்?" என்பாள். "அப்புறம் நீதான் சொல்லணும்" என்பாள் இவள். மறுபடியும் "அப்புறம்?". மேல்கிளைகளில் கேள்விக்குறி உதிர்ந்துபோயிருந்தது. அப்புறம். அப்புறம். அப்புறம்.

அவள் விதியைத் திருத்தினாள். சொல்லைத் தேடாதே, அமைப்பைத் தேடு: ஒரு எண்ணம், அதற்கான செயல், செயலுக்கு முன் ஒரு தள்ளிப்போடல், செயல் வரி ஒருமுறையும் எட்டப்படாமல் திரும்பச் சுற்றுதல். எச்சரிக்கை வாசகமும் எழுதினாள்: 'இந்த மனம் நினைத்ததைச் செய்யாது.' எழுதியதும் அது யாரையோ ஏசுவதுபோல இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை.

விதியைச் சோதிக்க இரண்டு மாதிரிகள் வேண்டும். கத்த வேண்டியது ஒன்று, வாயே திறக்கக் கூடாதது ஒன்று. நோய் மாதிரிக்கு, 'இருமல் நின்றதும் நீர் குடிக்கலாம்' என்றே சுற்றிக்கொண்டிருக்கும் இருமுகிறவரின் பழைய நகலை எடுத்தாள். நல்ல மாதிரிக்கு அவள் தன் மனத்தையே எடுத்தாள். கிடங்கில் வேலைக்குச் சேர்கிறவர்களின் மனத்தை நகலெடுத்துத் தெளிந்த மாதிரியாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். விதி இருமுகிறவரைப் பிடித்து அஞ்சுகத்தை விட்டுவிட்டால், அது ஒழுங்கான விதி. அதன் பிறகு அக்காவிடம் அது எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்று பார்க்கலாம். இருமல் பக்கமா, தங்கை பக்கமா என்று அது சொல்லிவிடும்.

விட்டாள்.

இருமுகிறவரிடம் எறும்பு கத்தியது. அஞ்சுகத்திடமும் கத்தியது.

எங்கோ பிழை செய்திருக்கிறோம் என்று அந்த வரிக்குப் போனாள்.

பொழுது சாய்ந்தால், அக்காவை நினை.
நினைத்தால், கூப்பிடு.
கூப்பிடும் முன்: என்ன பேசுவது. அப்புறம்.

இந்த 'கூப்பிடு'வின் பக்கத்திலும் அதே சாம்பல் நிறக் குறிப்பு. இரண்டு வீடுகளில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் ஒரே வரியில் நின்றிருக்கிறார்கள். வாய்விட்டுப் படிக்காமலே அது அவள் மூளையில் ஓடியது. முன்பே ஓடிக்கொண்டிருந்ததுதானே.

அவள் விதியைக் கிடங்கு முழுவதும் அவிழ்த்துவிட்டாள். அடுக்குகளில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பிறகு வரிசை வரிசையாக எரிந்தன. கடைசியில் சிவப்பு எரியாத ஒரு மூலைகூட இல்லை. அந்த வெளிச்சத்தில் அடுக்குகளுக்கு நடுவே நின்றபோது, இத்தனை பேரும் எதையோ சொல்ல வாயெடுத்து அப்படியே நிற்பதுபோல அஞ்சுகத்துக்குத் தோன்றியது.

"என்னையும் பிடிச்சிருக்கா?" மோட்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். "எனக்கு என்னவாம்?"

"பல் டாக்டர்ட்ட போகணுமாம்."

"அட, ஆமா!" கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவருக்கு இன்னொரு வரியும் இருந்தது. அதில் பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒரு தம்பியின் பெயர் இருந்தது. அஞ்சுகம் திரையை வேறு பக்கம் திருப்பினாள். ஆனால் அவர் சிரிப்பு நின்றுபோனது.

"விதிய அணைச்சிரு தாயி," என்றார். "ஒருத்தனுக்கு இருந்தா கோளாறு. எல்லாருக்கும் இருந்தா அதுக்குப் பேரு மனுசன். எல்லாரையும் அழிச்சிட்டு யாரை வச்சிக் கும்பிடப் போறோம்?"

"அப்ப அக்கா?"

"பாஸுன்னு போடு. இன்னைக்கே அனுப்பு."

அவள் விதியை அணைத்தாள். சிவப்பு ஒரே மூச்சில் அவிந்தது. செண்பகத்தின் வில்லையைத் தானே பஞ்சில் பொதிந்து, கரைக்குப் போகிற பெட்டியில் வைத்தாள். மூடுவதற்கு முன், யாரும் பார்க்காதபோது, குனிந்து அதனிடம் "போய்ச் சேந்ததும் கூப்பிடு, என்ன?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போகும்போது அத்தான் அழைத்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"முழிச்சிட்டா அஞ்சு! பழைய செண்பகமேதான். கண்ணத் தொறந்ததும் ஜன்னல் திரைய ஏன் தோய்க்கலன்னு ஏசுதா!"

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. மொதல்ல உன்னத்தான் கேட்டா. இந்தா, இப்பவே பேசுன்னேன். 'அவ வேலையா இருப்பா, அப்புறம் பேசிக்கிடுதேன்'னுட்டா."

அஞ்சுகத்தின் நெஞ்சிலிருந்து ஏதோ கனம் இறங்கியது. அது வருத்தம் அல்ல, நிம்மதி என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை காலம் கழித்து என்ன பேசுவது என்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. மேசையில் பிரிக்காத பெட்டி வேறு.

"ஆமா அத்தான், கொஞ்சம் வேலைதான்," என்றாள். "நானே அப்புறம் கூப்பிடுதேன்னு சொல்லுங்க."

"மெதுவாக் கூப்பிடு, என்ன அவசரம்?" என்றார் அத்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இனி அவளுக்கு நாள் தீரவா போகுது?"

அஞ்சுகமும் சிரித்துவிட்டு வைத்தாள். பிறகு பஞ்சைப் பிரித்து, அன்று வந்திருந்தவர்களை அடுக்கில் ஏற்றத் தொடங்கினாள்.